அதிரச சாஸ்திரம், முதல் பதிப்பு

உலகத்தில் எல்லோரும் புத்தகத்தை எழுதிவிட்டு அட்டைக்கு அலைகிறார்கள். நான் அட்டையை வைத்துக்கொண்டு புத்தகத்துக்கு அலைந்தவன். என்னிடம் நூறு அட்டைகள் இருந்தன. மூன்று வர்ணம். வழவழப்பான கெட்டிக் காகிதம். மேலே புத்தகத்தின் பெயர், கீழே என் பெயர், இரண்டும் ஜோராக அச்சாகியிருந்தன. நடுவில் வைக்க வேண்டிய புத்தகம்தான் இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி காலமான வருஷம் அது. தீபாவளிக்குள் புத்தகத்தை எழுதி முடித்து ஆசிரியனாகிவிடுவது என்று நல்ல நாள் பார்த்துத் தீர்மானம் செய்தேன். என் மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை.

என் பெயர் லோகநாதன். பூந்தமல்லியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சாய்வு மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவன். வேலப்பன்சாவடியிலிருந்து காட்டுப்பாக்கம் வரை எந்த நிலம் கைமாறினாலும் அதில் என் கையெழுத்து இருக்கும். ஆனால் பத்திரத்தில் எழுதியவன் பெயர் எங்கே வரும்? கடைசிப் பக்கத்தில், சாட்சிகளுக்கும் கீழே, கைநாட்டு மசி அப்பிய இடத்தில். என் பெயரை ஒரு முறையாவது அட்டையின் மேல் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பெரிய ஆசை இல்லை. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், அவ்வளவுதான்.

அட்டை என்றால் எனக்கு உயிர். பட்டணத்திலிருந்து வரும் நாவல்களின் அட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? மோட்டார் காரில் சாய்ந்தபடி ஒரு சீமாட்டி. பின்னால் ஒரு பங்களா. பங்களாவுக்குப் பின்னால் ஒரு நிலா. நிலாவுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி. ஒரு அட்டைக்குள் எவ்வளவு அடக்கிவிடுகிறார்கள்! நான் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு உள்ளே போவேன். எட்டாம் பக்கத்தில் கதாநாயகன் பெருமூச்சு விட ஆரம்பிப்பான். நான் மூடிவிட்டு மறுபடி சீமாட்டியிடம் வந்துவிடுவேன். இப்படி நாற்பது நாவல்களை எட்டாம் பக்கம் வரை படித்த ஆள் நான்.

அந்த நாற்பதில் ஒன்றை அந்த வருஷம் ஆவணியில் பக்கத்து வீட்டு அங்கம்மாவின் ஆடு தின்றுவிட்டது. அட்டையை மட்டும்தான். கஞ்சிப் பசை போட்டு ஒட்டிய அட்டை ஆட்டுக்கு அவ்வளவு ருசி.

"அங்கம்மா! உன் ஆடு என் பொஸ்தகத்த துன்னுட்சி!"

அங்கம்மா வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணாத்தே துன்னுட்சி? எழுத்தெல்லாம் அப்டியே கீதே!"

"அட்டைய காணோம் பாரு!"

"அட்டை தான போச்சி? படிக்கிறதுக்கு அட்டை இன்னாத்துக்கு?"

நான் படிப்பதே அதைத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உள்ளே இருந்து என் மனைவி பொன்னம்மாளின் குரல் வந்தது.

"அதும் இவுர மாதிரி அட்டையோட நிறுத்திக்கிச்சி, அங்கம்மா. உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆட்டுக்கே தெரிஞ்சிபோச்சி."

பொன்னம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என்னை ஒரு முறைகூட மரியாதை குறைவாகப் பேசியதில்லை. "நீங்க", "வாங்க", "போங்க" தான். அந்த மரியாதைக்குள் ஒரு உலக்கை இருக்கும். அது எப்போது இறங்கும் என்று தெரியாது. இறங்கிய பிறகுதான் தெரியும்.

அன்று சாப்பிடும்போது நான் ஒரு புது யோசனையை எடுத்துவிட்டேன்.

"பொன்னு, ஆடு செஞ்சதுல ஒரு தத்துவம் கீது. பொஸ்தகத்த துன்றா மாதிரி செஞ்சா இன்னா? படிச்சி முடிச்சதும் துன்னுடலாம். ஊட்ல எடத்த அடைக்காது. கரையான் அரிக்காது."

"எப்டிங்க செய்வாங்க?"

"துப்பறியும் நாவல்லாம் முறுக்கு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பக்திப் பொஸ்தகம் சக்கரைப் பொங்கல். பத்திரிகை அப்பளம். அன்னைக்கே நொறுக்கிடணும், மறுநா நமுத்துடும். இலக்கணம் பொரிவிளங்கா உருண்டை. பல்லு கெட்டியா கீறவன் கடிச்சிக்கலாம்."

"உங்க பத்திரம்?"

"அது..."

"அது வெறும் சோறுங்க. அதான் நம்மள காப்பாத்துது. துன்னுட்டு எழுந்திரிங்க."

ஆனாலும் அவள் சிரித்தாள். இரண்டாவது தரமும் சிரித்தாள். "பொஸ்தகத்த துன்றதாம்" என்று பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் யோசனை ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது அதுதான் முதல் தடவை. அதை நான் கவனித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் சின்னசாமி என்பவர் காட்டுப்பாக்கத்தில் ஒரு மனை வாங்கி, பத்திரம் எழுத என்னிடம் வந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் அச்சுக்கூடம் வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு எழுத்தே ஓடவில்லை.

"அட்டையெல்லாம் போடுவீங்களா?"

அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கத்திரிப்பூ நிறத்தில் சேலை கட்டிய ஒரு பெண். பச்சைக் கரை. தலையில் ஒரு சரம் மல்லிகை. கையில் பித்தளைத் தட்டு. தட்டில் அதிரசம், கோபுரமாக அடுக்கி. ஓரத்தில் ஒரே ஒரு அதிரசம் சரிந்து, இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று நின்றது. அதன் மேல் எண்ணெய் மினுமினுப்பைக்கூட விடாமல் வரைந்திருந்தான் மகராசன். நான் என்னை அறியாமல் கையை ஏந்தினேன்.

"ஒருத்தர் அட்டையைப் போடச் சொல்லிட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிட்டாருங்க. புஸ்தகம் வரலை. பேர்கூடப் போடாம நூறு அட்டை சும்மாக் கிடக்குது."

"எனக்கு எழுத்துக் கூலி வேணாம். அட்டைங்கள குடுங்க. கூட என் பேரையும் அடிச்சிக் குடுத்துடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொண்டார். படத்தில் அந்தப் பெண்ணின் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் நான் துப்பறியும் நாவல் எழுதியிருப்பேன். அதிரசம் இருந்தது. ஆகவே பெயர் 'அதிரச சாஸ்திரம்' என்று முடிவாயிற்று. இயற்றியவர்: பூவை லோகநாதன். பூந்தமல்லிக்காரர்கள் புத்தகம் எழுதினால் 'பூவை' என்று போட்டுக்கொள்வது வழக்கம். பத்தாம் நாள் கட்டு வந்து சேர்ந்தது. நான் அதைச் சாக்கில் சுற்றிச் சமையலறைப் பரணில், உடைந்த முறத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

இப்போது புத்தகம் வேண்டும். அதிரசத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதைத் தின்பது ஒன்றுதான். அதை ஒரு வரியில் எழுதிவிடலாம். மிச்சப் பக்கங்களுக்கு என்ன செய்வது?

நல்லவேளையாக, பூந்தமல்லியிலேயே அதிரசத்துக்குப் பேர்போன கை என் வீட்டில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளி அமாவாசையில் பெண்கள் கேதார கௌரி நோன்பு எடுப்பார்கள். புருஷனுக்காக எடுக்கிற நோன்பு. சாமிக்கு இருபத்தோரு அதிரசம் படைக்க வேண்டும். ஒன்று எண்ணெயில் பிரிந்து போனால்கூட முகம் கறுத்துவிடுவார்கள். அதற்கு முந்தின வருஷம் மழையில் அரிசி சரியாகக் காயாமல் ஊரில் பாதி வீட்டில் அதிரசம் கரைந்து போயிற்று. பொன்னம்மாள் சுட்டவை மட்டும் பௌர்ணமி போல வட்டமாக நின்றன.

கெட்ட வேளையாக, அந்த ரகசியத்தை அவள் யாருக்கும் சொல்வதில்லை. அங்கம்மா ஆறு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். "கை பாகம் அங்கம்மா, வாய்ல சொல்ல வராது" என்று முடித்துவிடுவாள். புத்தகம் போடப் போகிறேன் என்று நான் கேட்டால் அதுவும் வராது. ஆகவே தந்திரம்தான் வழி.

மறுநாள் காலை அவள் முன்னால் போய் நின்றேன்.

"பொன்னு, எனக்கோசரம் வருஷா வருஷம் நோன்பு எடுக்கிற. ஒத்த ஆளா கஷ்டப்படுற. இந்த வருஷம் கூடமாட நான் செய்யறேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பரணை ஒரு தரம் பார்த்தாள். கண்ணில் தூசி விழுந்ததோ என்னவோ, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மன் கண்ண தொறந்துட்டா" என்றாள்.

எனக்கே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

"ஆனா நோன்பு மாவுங்க. பச்சத்தண்ணில குளிச்சிட்டுதான் உலக்கைய தொடணும். வாய்ல வெக்கக் கூடாது. பாகு வெக்கற நேரத்துல ஆம்பள நெழல் அடுப்பு மேல படக் கூடாது."

"அப்டியா சாஸ்திரம்?"

"அப்டித்தாங்க சாஸ்திரம்."

நான் வெளியே வந்து நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் இரண்டு படி பச்சரிசி. ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, தொட்டால் கையில் ஒட்டும் ஈரம் இருக்கும்போதே உரலில் போட்டாள். இடித்தேன். பேனா பிடித்த கை. பத்தாவது குத்திலேயே உள்ளங்கை சிவந்துவிட்டது. ஐம்பதாவது குத்தில் என் பூட்டன் பாட்டன் எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். சலித்தாள். சல்லடையில் தங்கிய கப்பியை மறுபடி உரலில் கொட்டினாள். மறுபடி இடித்தேன். பிறகு "ஆபீசுக்கு நேரமாச்சி, கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டாள். பாகு வைக்கும் நேரம். என் நிழல் வேப்பமரத்தடியில் பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் ஓடி வந்தேன். "இன்னா ஆச்சி பொன்னு?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பதம் தப்பிப்போச்சிங்க."

"ஐயய்யோ! ஏன்?"

"மாவு கொரகொரன்னு கீது. இன்னும் நல்லா இடிச்சிருக்கணும்."

"தப்பிப்போன மாவு எங்க?"

"நோன்புக்கு எடுத்தத நாம துன்னக் கூடாதே. அங்கம்மா ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

நான் வெளியே வந்து ஆட்டைப் பார்த்தேன். என் இரண்டு படி உழைப்பைத் தின்றுவிட்டு ஒன்றும் அறியாத முகத்தோடு நின்றது. போன தடவை அட்டை, இந்தத் தடவை அதிரச மாவு. பூர்வ ஜென்மத்தில் அது பெரிய ஜமீன்தாராக இருந்திருக்க வேண்டும்.

அன்று எழுதியதை உங்களுக்குக் காட்டுவதில் எனக்கு வெட்கமில்லை. பத்திரம் எழுதிப் பழகிய கை வேறு எப்படி எழுதும்?

"பூந்தமல்லி கிராமம், மேற்படி லோகநாதன் வீட்டுப் புழக்கடையில் உள்ள உரலில், கிழக்கே துளசிச் செடிக்கும், மேற்கே அங்கம்மா வீட்டு மதிலுக்கும், வடக்கே கிணற்றுக்கும், தெற்கே சமையலறைக்கும் இந்த நான்கெல்லைக்கு உட்பட்டு, மேற்படி அரிசி படி இரண்டும் மேற்படியாரால் முழுமனதோடு இடிக்கப்பட்டது. பதம் தப்பியது."

இரண்டாம் நாள் மறுபடி இரண்டு படி. "மாவு நல்லா கீது, சலிச்சி வெக்கறதுக்குள்ள ஈரம் போயிட்ச்சி. நாளைக்கி இன்னும் வெரசா இடிங்க." மூன்றாம் நாள் வேகமாக இடித்தேன். "வெரசா இடிச்சதுல மாவு சூடாயிட்ச்சி." நான்காம் நாள் வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் இடித்தேன். "வெல்லம் சரியில்ல." அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "உங்களுக்கு சம்பந்தமே இல்லீங்க. நீங்க வழக்கம்போல இடிங்க" என்றாள்.

இவ்வளவு அரிசி எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் சந்தேகம் வந்தது. காலையில் நான் இடித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒரு பெண் மடியில் அரிசி கட்டிக்கொண்டு வருவாள். கையில் வெல்லம் இருக்கும். என்னைப் பார்ப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போவாள். வெறுங்கையோடு வெளியே வருவாள்.

"இன்னா பொன்னு, தெருவே இங்க வருது?"

"நம்ம ஊட்ல பதம் தப்பிப் போவுதுன்னு கேட்டுட்டு, பாவம், ஆளாளுக்கு ஒரு ஆழாக்கு, ரெண்டு ஆழாக்கு குடுக்கறாங்க. நோன்பு நிக்கக் கூடாது பாருங்க."

நம்ம ஊர் ஜனங்களின் நல்ல மனசை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அன்று கூடுதலாக ஒரு படி இடித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். தினமும் இரண்டு படி அதிரச மாவு தின்கிற ஆடு கொழுக்க வேண்டும் அல்லவா? அது எப்போதும் போல விலா எலும்பு தெரிய என் துண்டைத் தின்ன வந்தது. சில உடம்பு வாகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. என் தோள் இரண்டும் புடைத்துச் சட்டைக்குள் போக மறுத்தன. வேப்பமரத்தடியில் கைநடுக்கத்தோடு நான் எழுதிய பத்திரத்தில் ஒரு கிணறு பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. நோட்டுப் புத்தகமும் நிறைந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் காலை பொன்னம்மாளே வந்து, "பட்டணத்துல ஜோலி ஏதாவது இருந்தா போய் வந்துடுங்க. இன்னைக்கி இடிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் சின்னசாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் அத்தியாயத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசிவரை புரட்டினார்.

"ஐயா, ஒம்போது அத்தியாயம் இருக்குது. ஒம்போதுலயும் பதம் தப்பிப்போவுதுங்க."

"ஆமா. நடந்தத நடந்தபடி எழுதிக்கீறேன்."

"அதிரசம் எங்கங்க வருது?"

நான் மேலே பார்த்தேன். விட்டத்தில் ஒரு பல்லி என்னைப் பார்த்தது.

"பாகு எப்படி வைக்கறதுன்னும் இல்லை. நிழல் படக்கூடாதுன்னு மட்டும் இருக்குது. நான் மனை வாங்கினப்போ ரிஜிஸ்தர் ஆபீசுல வில்லங்கச் சான்று ஒண்ணு குடுத்தாங்க. அதுவே இதைவிட ருசியா இருந்துதுங்க." சொல்லிவிட்டு அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "ஆனா அட்டை நல்ல அட்டை. அதை எடுத்துட்டு வாங்க. உள்ளே வெள்ளைக் காகிதம் வெச்சாவது தைச்சுத் தரேன். அட்டைக்காகவே வாங்குவாங்க" என்றார்.

என்னைப் போல நாற்பது பேர் ஊரில் இருக்க மாட்டார்களா? அந்த ஒரு நம்பிக்கையோடு திரும்பினேன். தெரு முழுக்க எண்ணெய் வாசனை. தீபாவளிக்கு முந்தின நாள் அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, பொன்னம்மாளையும் காணோம். அங்கம்மா வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. நல்ல சமயம் என்று பரணில் ஏறினேன்.

உடைந்த முறம் இருந்தது. சாக்கு இருந்தது. அட்டைக் கட்டு இல்லை. அந்த இடத்தில் ஒரு எலிப்பொறி இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. என் பெயர் நூறு தரம் அச்சான காகிதம்! நான் செத்தாலும் அது இருக்கும் என்று நினைத்திருந்தேன். பரணில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

"பரண்ல இன்னா தேடறீங்க?" கீழே பொன்னம்மாள் நின்றிருந்தாள். கை முழுக்க எண்ணெய்.

ஒளித்து வைத்த பொருள் காணாமல் போனால் யாரிடம் புகார் கொடுப்பது?

"எலி" என்றேன்.

"அதுக்குதான் பொறி வெச்சேன். ஒம்போது நாளைக்கி முன்னாடியே மாட்டிக்கிச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், புது வேட்டி கட்டினேன், எதிலும் மனசு இல்லை. மத்தியானம் நோன்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு பொன்னம்மாளுக்குப் பின்னால் சிவன் கோயிலுக்குப் போனேன். தட்டை மடித்த துணி போட்டு மூடியிருந்தாள். மண்டபத்துக்குள் நுழைந்தேன். நுழைந்தவன் நின்றுவிட்டேன்.

மண்டபம் முழுக்கக் கத்திரிப்பூச் சேலை.

இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் என் அட்டை. கனமான புத்தகம் மாதிரி மடித்து, மஞ்சள் நூலால் குறுக்கே கட்டியிருந்தது. கட்டைப் பிரித்தால் வாழையிலை. இலைக்குள் மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஏழு, இருபத்தோரு அதிரசம். நூறு வீடு. நூறு அட்டை. நூறு தரம் 'பூவை லோகநாதன்'. அட்டையில் சரிந்து விழப்போன அந்த ஒற்றை அதிரசம் ஒருவழியாக உள்ளே விழுந்துவிட்டது போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிந்தாதிரிப்பேட்டையில் எந்தக் கொம்பனாலும் அப்படி ஒரு புத்தகம் கட்ட முடியாது.

"அண்ணாத்தே!" அங்கம்மா ஓடி வந்தாள். "உங்க பொஸ்தகம் சோக்கா கீது! எங்க மாமியா வாழ்க்கைல மொத தபா ஒரு பொஸ்தகத்த தொட்டு கண்ல ஒத்திக்கிச்சி!"

இன்னொரு பெண், "ஒண்ணு கூட பிரியல பாருங்க! எழுதனா இப்டி எழுதணும்!" என்றாள். அவள் புருஷன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஆசிரியர்கள் வேறு என்ன செய்வார்கள்?

நோன்பு முடிந்து வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன்.

"எப்ப பாத்த?"

"நீங்க ஒளிச்சி வெச்ச அன்னைக்கே. எலிப்பொறி வெக்க ஏறினேன். நாலாம் கிளாஸ் படிச்சவங்க நான். உங்க பேரு படிக்கத் தெரியாதா?"

"அப்ப பதம் தப்புனது?"

"ஒரு நாளும் தப்பலீங்க. தினம் மாவு கிளறி அங்கம்மா ஊட்ல பானைல வெச்சேன். போன வருஷம் பாதி ஊட்ல அதிரசம் கரஞ்சிபோச்சின்னு இந்த வருஷம் எல்லாருக்கும் நானே சுட்டுத் தரேன்னு அப்பவே வாய விட்டுட்டேன். நூறு ஊடு. யாரு இடிக்கிறதுன்னு தவிச்சிகினு இருந்தேன். நீங்களா வந்து நின்னீங்க."

அம்மன் கண் திறந்தது அதற்குத்தான்.

"என் அட்டை பொன்னு! நான் ஆசையா..."

"நானுந்தான் ஆசையா பாத்தேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பரண்ல உக்காந்துகினு எவ்ளோ நேரம் பாத்தேன் தெரிமா? அந்தப் பொம்பள கைல கீறது அசல் எங்க அம்மா ஊட்டு அதிரசம். இதுக்குள்ள வெறும் எழுத்த வெச்சி ஆட்டுக்கு போடறதா? ஒரு வாட்டி படிச்சா எல்லாரும் அவங்களே சுட்டுக்குவாங்க. அப்பறம் இந்த ஊட்டு வாசல எவ மிதிப்பா? நீங்கதான சொன்னீங்க, பொஸ்தகம் துன்றா மாதிரி இருக்கணும்னு."

சொன்னேன்தான். என்னால் சொல்லத்தான் முடிந்தது. அவள் செய்துவிட்டாள். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று எவ்வளவோ முயன்று பார்த்தேன். பெருமைதான் வந்தது.

அவள் சமையலறைக்குள் போய் எங்கள் நோன்புத் தட்டிலிருந்த கட்டை எடுத்து வந்தாள். "இது உங்களுது" என்றாள். ஆசிரியர் பிரதி! மஞ்சள் நூலை அவிழ்த்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். வெளியே லேசான மொறுமொறுப்பு. உள்ளே மெத்து. ஏலக்காய், சுக்கு, நெய். நான் முழுசாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அதுதான்.

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கம்மா அலறினாள். "அண்ணாத்தே! ஆடு உங்க பொஸ்தகத்த துன்னுட்சி!"

"அட்டையதான?" என்று நான் கத்தினேன்.

"இல்ல அண்ணாத்தே! இந்த வாட்டி உள்ள கீறதையும் சேத்து துன்னுட்சி!"

இதைவிட ஒரு ஆசிரியனுக்கு வேறு என்ன மதிப்புரை வேண்டும்? அந்தத் தைரியத்தில் பொன்னம்மாளைக் கேட்டுவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சிபோச்சி. இப்பவாச்சும் சொல்லு. பாகுல இன்னாதான் ரகசியம்?"

அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"பாகுல ஒண்ணுமே இல்லீங்க. ரகசியமே மாவு இடிக்கிறதுலதான் கீது. இந்த வருஷம் மாதிரி ஒரு மாவு எங்க அம்மா காலத்துல கூட அமஞ்சதில்ல. வெளிய சொல்லிடாதீங்க, அங்கம்மா ஊட்டுக்காரரையும் உலக்க புடிக்க வெச்சிடுவா."

அந்த ரகசியத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வருஷா வருஷம் இடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.